பரவை முனியம்மா: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

மதுரைக்கு மேற்கே ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும், நாட்டுப்புறப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வரும். "என்ன பாடப் போற?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது 'தூள்' படத்தில் பரவை முனியம்மா பாடிய 'சிங்கம் போல' என்ற சினிமாப் பாட்டைத்தான். அதிலிருந்து கேள்விகள் ஆரம்பிக்கும். பிள்ளைகள் கேட்டவை, கூட்டிப்போக வந்த பெற்றோர் கேட்டவை என்று நோட்டில் குறித்து வைத்தது சேர்ந்துவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பரவை முனியம்மா யாரு டீச்சர்? நடிகையா, பாடகியா?

இரண்டும்தான். ஆனால் எது முதலில் என்பது முக்கியம். அவர் முதலில் நாட்டுப்புறப் பாடகி. அப்புறம் சினிமாவில் பாடி நடித்தார். அதன் பிறகு தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி செய்தார்.

பிறந்தது 1937 ஜூன் 25. அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன 'தூள்' படம் வந்தது 2003 பொங்கலுக்கு. அப்போது அவருக்கு 65 வயது முடிந்திருந்தது. நாம் திரையில் பார்த்தது அவர் வாழ்க்கையின் கடைசி 17 ஆண்டுகளை மட்டும். மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள் அவரை அதற்கு வெகு முன்பே பாடகியாக அறிந்திருந்தன. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதும் அதைத்தான்.

பரவையா, பறவையா? ஏன் அந்தப் பேரு?

பரவை. இடையின ரகரம். கட்டுரை நோட்டில் 'பறவை முனியம்மா' என்று எழுதிய பிள்ளைகள் நிறைய. அச்சடித்த நோட்டீஸிலேயே அப்படிப் பார்த்திருக்கிறேன். பரவை அவருடைய ஊர். மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போனால் விளாங்குடி தாண்டி, சமயநல்லூருக்கு முன்னால் வரும் பேரூராட்சி. வைகைக்கு வடகரை. மொத்தக் காய்கறி மார்க்கெட் அங்கே இருப்பதால் மதுரைக்காரர்களுக்குத் தெரியாத ஊர் இல்லை.

பழந்தமிழில் பரவை என்றால் கடல், பரந்த நீர்ப்பரப்பு. சுந்தரர் வரலாற்றில் வரும் பரவை நாச்சியார் திருவாரூர்க்காரர். அவருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு இல்லை. முனியம்மா என்பது முனிசாமியை, முனியாண்டியைக் கும்பிடுகிற குடும்பங்களில் பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். எங்கள் பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டில் வகுப்புக்கு இரண்டு முனியம்மா இருப்பார்கள். இப்போது ஒருத்திகூட இல்லை.

சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சாங்க?

பாடினார். கோயில் திருவிழாக்களிலும் கிராமத்து மேடைகளிலும் நாட்டுப்புறப் பாட்டுப் பாடினார். மேடைப் பாட்டு என்பது பொழுதுபோக்கு இல்லை, ராத்திரி முழுக்க நீளும் தொழில் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இந்தப் பக்கத்தில் பங்குனிப் பொங்கல், சித்திரை, வைகாசி என்று திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். ஆடியில் அம்மன் கோயில்களில் கூழும் முளைப்பாரியும். கலைஞர்களின் வருஷச் சம்பாத்தியம் பெரும்பாலும் இந்தச் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குவார்கள். கிடைத்த வண்டியில் போய் இறங்கி, ராத்திரிச் சாப்பாடு முடிந்து கூட்டம் கூடிய பிறகு ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். நடுவில் மழை வரும், மைக் நிற்கும், குடித்துவிட்டு யாராவது சத்தம் போடுவார்கள். பாடகர் நிறுத்த முடியாது. கூட்டம் கலைந்தால் அடுத்த வருஷம் அந்த ஊர்த் தேதி கிடைக்காது.

அரங்கில் உட்கார்ந்து கேட்கிற கூட்டம் இல்லை அது. கைக்குழந்தையோடு பாயில் படுத்திருப்பவர், கடலை வறுக்கிறவர், ராட்டினத்துக்கு அழும் பிள்ளை எல்லாரையும் ஒரு குரல் இழுத்து நிறுத்த வேண்டும். முனியம்மா தேர்ந்தது அப்படிப்பட்ட மேடைகளில்.

அவங்க குரல் ஏன் அப்படிக் கணீர்னு இருக்கு? வயசானவங்க குரல் நடுங்கத்தானே செய்யும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டது.

சொந்தக் குரலை மூடாமல், தொண்டையைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடும் பழக்கம் முதல் காரணம். வயலில் நாலு வரப்பு தள்ளி நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டுமென்றால் முணுமுணுக்க முடியாது. அதே குரல் மேடைக்கு வரும்போது பக்கத்தில் தவிலும் பம்பையும் நாதஸ்வரமும் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே சொல் கேட்க வேண்டும். அதனால் பாடகிகள் சுருதியை ஏற்றி எடுப்பார்கள்.

இன்னொன்று, நம்மூர் மைக் செட். தென்னை மரத்திலும் கம்பத்திலும் கட்டும் கூம்புக் குழாயில் கனமான கீழ்க்குரல் எடுபடாது, அமுங்கிவிடும். கூர்மையான குரல்தான் அடுத்த ஊர்வரை போகும். பல வருஷம் அந்தக் குழாயில் பாடிப் பழகியவருக்குக் குரலில் தானாகவே ஒரு முனை வந்துவிடும். வயது குரலில் ஒரு கரகரப்பைச் சேர்த்தது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் உடையாமல் விழுந்தது.

தெம்மாங்குனா என்ன? அவங்க பாடுனது எல்லாமே தெம்மாங்கா?

இல்லை. தெம்மாங்கு ஒரு வகை. 'தேன் பாங்கு' என்றும் 'தென் பாங்கு' என்றும் அதற்குப் பொருள் சொல்வார்கள். வேலையிலும் வழிநடையிலும் பாடுவது. காதல், கேலி, ஏக்கம் எல்லாம் அதில் வரும். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் பின்பாட்டாகத் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் திருப்பிப் பாடுகிற அந்த இடைவெளியில் முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைக் கட்டிவிடுவார். எதுகையும் மோனையும் அங்கே அலங்காரம் இல்லை. அடுத்த சொல்லைப் பிடிக்கிற கொக்கி. சொல் கிடைக்காவிட்டால் 'தன்னன்னானே' இருக்கவே இருக்கிறது.

தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி, அம்மன் பாட்டு எல்லாம் தனித்தனி வகை. சந்தமும் வேறு, பாடும் இடமும் வேறு. ஒப்பாரியை மட்டும் சும்மா பாடிக்காட்டச் சொல்லிப் பெரியவர்களைக் கேட்காதீர்கள். பல வீடுகளில் சாவு இல்லாத நேரத்தில் அதைப் பாடுவதில்லை. மீறிக் கேட்டு ஒரு ஆத்தா என்னைத் திட்டி அனுப்பியிருக்கிறார். அவர் திட்டியது சரி.

தூள் படத்துல அவங்க யாரா வருவாங்க?

ஜோதிகாவின் பாட்டியாக. தரணி இயக்கிய படம், இசை வித்யாசாகர், நாயகன் விக்ரம். ஊரின் தண்ணீரைக் கெடுக்கும் ஆலைக்கு எதிராக முறையிட ஊர்க்காரர்கள் சென்னைக்குப் போகிறார்கள். கூடவே இந்தப் பாட்டியும் போகிறார். நாயகன் சண்டை போடும்போது 'சிங்கம் போல' என்று பாட்டி பாட ஆரம்பிக்கிறார்.

பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சல்லிக்கட்டிலும் சிலம்பத்திலும் ஆடுகிறவனை உசுப்பிவிட ஆள் இருப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நல்ல காரியத்தில் பெண்கள் குலவை போடுவதும் அந்த வகைதான். பேரனை வீரனாக்கிப் பாடுவது தாலாட்டிலேயே ஆரம்பிக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சி தியேட்டரில் எடுபட்டது.

பாட்டு அவங்களே பாடுனதா? வேற யாரும் குரல் கொடுத்தாங்களா?

அவர் குரலேதான். அந்தக் குரலுக்காகத்தான் சினிமா அவரைக் கூப்பிட்டது. பின்னணிப் பாடகர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் இன்னொருவர் என்பதே தமிழ் சினிமாவில் வழக்கமாகிப் போயிருந்த காலம் அது. பாடியவரே திரையில் நின்று பாடியதைப் பார்த்ததும் பாட்டும் முகமும் ஒன்றாகவே மனதில் பதிந்தன.

அப்போ அந்தப் பாட்டை நாட்டுப்புறப் பாட்டுப் போட்டியில பாடலாமா?

பாடக் கூடாது. வருஷா வருஷம் அழுகையில் முடிகிற கேள்வி இது.

மெட்டும் சந்தமும் நாட்டுப்புறச் சாயல்தான், பாடியவரும் அசல் நாட்டுப்புறப் பாடகிதான். ஆனாலும் அது ஒரு படத்துக்காக இசையமைப்பாளர் மெட்டுப் போட்டு, பாடலாசிரியர் எழுதிய சினிமாப் பாட்டு. நாட்டுப்புறப் பாட்டுக்கு இன்னார் எழுதியது என்று இருக்காது. வாய்வழியாக வரும், ஊருக்கு ஊர் ஒரு வரி மாறும். பாடியவரை வைத்துப் பாட்டின் வகையை முடிவு செய்தால், முனியம்மா மேடையில் பாடி வந்ததற்கும் சினிமாவுக்காகப் பாடியதற்கும் வித்தியாசமே இல்லாமல் போகும்.

"அவங்களே பாடியிருக்காங்களே டீச்சர்" என்று அழுத பிள்ளையிடம், "அவங்க உன் வயசுல அந்தப் பாட்டப் பாடல. தெருவுல கேட்ட பாட்டத்தான் பாடியிருப்பாங்க" என்றேன். அவள் வீட்டுக்குப் போய் அம்மாச்சியிடமிருந்து ஒரு கும்மிப் பாட்டு வாங்கி வந்தாள். மூன்றே அடி. மீதி அம்மாச்சிக்கு மறந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மேலும் நாலு அடி தெரிந்திருந்தது.

டிவியில வந்தாங்கனு எங்க அம்மா சொல்றாங்க. சீரியலா?

சமையல் நிகழ்ச்சி. கலைஞர் தொலைக்காட்சி 2007 செப்டம்பரில் தொடங்கியது. அதில் கிராமத்துச் சமையல் நிகழ்ச்சி செய்தார். எழுபது வயதைத் தொட்ட கிராமத்துப் பெண்மணி, தன் பேச்சை மாற்றிக்கொள்ளாமல் தொலைக்காட்சியில் நின்றார். அப்போது சமையல் நிகழ்ச்சி என்றாலே பளபளக்கும் மேடையடுப்பும் பாதி ஆங்கிலமும்தான். எங்கள் வீட்டில் அப்பத்தா அதைப் பார்க்கும்போது, "ஆமா, இப்படித்தேன்" என்று திரையைப் பார்த்துப் பதில் சொல்வார். தன்னைப் போலப் பேசுகிற ஒருவரை டிவியில் பார்த்த சந்தோஷம் அது.

தமிழ்ப்படத்துல அவங்கதான் வில்லியாமே?

ஆமாம். 2010இல் சி.எஸ். அமுதன் இயக்கத்தில் வந்த 'தமிழ்ப் படம்', தமிழ் சினிமாவின் வழக்கங்களையே கேலி செய்த படம். நாயகன் சிவாவை வளர்க்கும் பாட்டியாக முனியம்மா வருவார். கடைசியில் பார்த்தால், படம் முழுக்கத் தேடப்படும் தாதாவே அந்தப் பாட்டிதான். படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், கேள்வியே அதுவாக இருக்கிறது.

'தூள்' படத்துக்குப் பிறகு 'பாசக்காரக் கிராமத்துப் பாட்டி' என்றால் முனியம்மா என்று ஆகியிருந்தது. யாருமே சந்தேகப்படாத முகம் அது என்பதால்தான் அந்தத் திருப்பம் வேலை செய்தது. தன் பிம்பத்தை வைத்துத்தான் விளையாடுகிறார்கள் என்று தெரிந்தே அதை ரசித்துச் செய்தார் என்பது அவர் முகத்தில் தெரியும். அவரை நல்ல நடிகை என்று நான் சொல்வதற்கு அந்த ஒரு படம் போதும்.

எழுபது வயசுக்கு மேல அனிருத் இசையில பாடுனாங்களா?

பாடினார். 2014இல் வந்த 'மான் கராத்தே' படத்தில் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து. அப்போது அவருக்கு 76 வயது. குரல் அப்போதும் எப்படி நின்றது என்றால், அதற்குக் காரணம் மேலே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கொல்லங்குடி கருப்பாயியும் இவங்களும் ஒண்ணா? பாட்டின்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க.

ஒன்றில்லை. இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி சிவகங்கைச் சீமைக்காரர். வானொலியில் பாடி அறியப்பட்டவர். பாண்டியராஜன் இயக்கிய 'ஆண் பாவம்' படத்தில் 1985இலேயே பாட்டியாக வந்து பாடியவர். தேனி குஞ்சரம்மாள் 1990களில் ஏ.ஆர். ரகுமான் இசையில் பாடியவர். முனியம்மா சினிமாவுக்கு வந்தது இவர்களுக்கெல்லாம் பிறகு.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அவர் வந்த வழி வேறு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, கணவரோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து மேடையேற்றியவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

எல்லாரையும் 'பாட்டி' என்று ஒரே பெயரில் கூப்பிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் குழப்பமே வராது. பரவை, கொல்லங்குடி, தேனி. அந்த ஊர்ப் பெயர்களை அவர்கள் கடைசிவரை விடவில்லை.

இவ்வளவு படம் நடிச்சும் கஷ்டப்பட்டாங்களாமே, ஏன்?

வயதும் உடல்நலமும் முதல் காரணம். 2015இல் அவர் உடல்நலம் குன்றிச் சிரமப்படும் செய்தி வந்தது. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, மாதாமாதம் வட்டி கிடைக்கும்படி 6 லட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட உத்தரவிட்டார். திரைத்துறையினரும் உதவினார்கள்.

"படத்தில் நடித்தவருக்குமா?" என்று பெற்றோர் ஆச்சரியப்படுகிறார்கள். திரையில் பத்து நிமிஷம் வரும் துணை நடிகருக்குக் கணக்கு பெரும்பாலும் நாள் சம்பளம்தான். படம் நூறு நாள் ஓடினாலும் அவருக்கு அதில் பங்கு வராது. மேடைக் கலைஞருக்கும் அப்படித்தான், பாடினால் அந்த ராத்திரிக்குக் காசு. படுத்துவிட்டால் அந்த வருஷத் திருவிழாக்காலமே போய்விடும். மாதச் சம்பளக்காரருக்கு இருக்கிற மாதிரி சேமநல நிதியோ ஓய்வூதியமோ கிடையாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசு நல வாரியம் அமைத்ததே 2007இல்தான். அப்போது முனியம்மாவுக்கு 70 வயது. உழைத்துத் தேய்ந்த காலத்தில் அவருக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. இதை நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. நாம் ஓசியில் கேட்டு ரசித்த ராத்திரிகள் அவை.

கலைமாமணி விருது எப்போ வாங்குனாங்க?

2019இல். காலமாவதற்கு முந்தைய ஆண்டு. தாமதம்தான், இருந்தாலும் உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது.

இறந்தப்போ வயசு 82ஆ, 83ஆ? ரெண்டு மாதிரியும் போட்டிருக்காங்க.

1937 ஜூன் 25 பிறந்தநாள், 2020 மார்ச் 29 மறைந்தநாள். 82 முடிந்து 83 நடந்துகொண்டிருந்தது. நம் வழக்கில் 'நடக்கும் வயது' சொல்பவர் 83 என்பார், 'முடிந்த வயது' சொல்பவர் 82 என்பார். இரண்டும் தப்பில்லை. தேர்வில் கேட்டால் 82 என்று எழுதுங்கள்.

அது முதல் ஊரடங்கு தொடங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை. பஸ் இல்லை, ரோட்டில் ஆள் இல்லை. ஆயிரம் பேர் கூடும் திருவிழாக்களில் பாடியவரை வழியனுப்ப ஊர் கூட முடியவில்லை. பரவை எனக்கு எட்டிய தூரம்தான், இருந்தும் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போ அந்த மாதிரிக் குரல எங்க போய்க் கேக்கலாம்?

மதுரையிலேயே கேட்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் வர்ணிப்புப் பாடுகிறவர்களைத் தேடிப் பாருங்கள். அழகர் மலையிலிருந்து கிளம்பி வைகையில் இறங்குவதை வரிவரியாக வர்ணித்துப் பாடுவார்கள், கேட்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று ராத்திரி கூட்டத்தை விட்டு ஒதுங்கி, அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகள் பக்கம் நடந்தால் காதில் விழும்.

முளைப்பாரி நடக்கும் கிராமங்களில் பெண்கள் நடுவில் பாரியை வைத்துக் கும்மியடித்துப் பாடுவது இன்னும் உண்டு. சில ஊர்களில் அந்த நேரத்தில் சினிமாப் பாட்டைச் சத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். குழாயை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி விழாக் கமிட்டியிடம் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். இரண்டு ஊரில் நிறுத்தினார்கள், ஒரு ஊரில் முறைத்தார்கள்.

எங்க அப்பத்தாகிட்ட பாடச் சொன்னா வெக்கப்படுது. என்ன பண்றது டீச்சர்?

போனை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து "பாடு" என்றால் யாரும் பாட மாட்டார்கள். இந்தப் பாட்டுகள் கை வேலையோடு பிறந்தவை. கை சும்மா இருந்தால் அடி நினைவுக்கு வராது. அப்பத்தா புளி குத்தும்போதோ பூக் கட்டும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதைச் செய்யுங்கள். தெரிந்த ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாகப் பாடுங்கள். திருத்துவதற்காகவாவது வாயைத் திறப்பார்கள். போன் ஓரமாக இருக்கட்டும், பதிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் அப்பத்தாவிடம் நடவுப் பாட்டு கேட்டு நான் இரண்டு வருஷம் அலைந்தேன். "அதெல்லாம் மறந்து போச்சுடி" என்பதுதான் பதில். ஒரு நாள் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கீரைக் காம்பைக் கொத்தாகப் பிடித்தவர், நாற்று முடியைப் பிரிக்கிற மாதிரி விரலால் பிரித்தார். பிரித்துக்கொண்டே முதல் அடியை எடுத்தார். பின்பாட்டுப் பாட ஆள் இல்லாததால் என்னைப் பார்த்து, "ம், சொல்லு" என்றார்.